ஆர்லோவின் நூறு ஆம்ப்ஸ்

ரம்பம் பலகைக்குள் பாதி தூரம் போயிருந்தபோது 'டப்' என்றது. ரம்பம் நின்றது. விளக்கு போனது. பக்கத்தில் குலுங்கிக்கொண்டிருந்த துணி துவைக்கும் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மான் இறைச்சி அடைத்த ஃப்ரீஸரும் வாயை மூடிக்கொண்டது. நிலவறை முழுக்கக் கும்மிருட்டு. அந்த இருட்டில், பாதி அறுபட்ட பலகையைப் பிடித்தபடி ஆர்லோ கங்காஸ் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

அது மாடிப்படி உச்சியிலிருந்து வந்தது.

"ஆர்லோ!"

"என்ன செல்மா?" என்றார், உலகத்தில் எதுவுமே நடக்காதது போல.

"சர்ச்சுல பாடுறவங்க அங்கி அத்தனையும் மெஷினுக்குள்ள சோப்பு நுரையோட கிடக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் நுரை தள்ளிக்கிட்டு நின்னு பாடணுமா?"

"பிரேக்கர் ட்ரிப் ஆயிடுச்சு. அவ்வளவுதான்."

"இந்த வாரத்துல மட்டும் எத்தனை ட்ரிப்! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ என்னை இத்தனை ட்ரிப் கூட்டிட்டுப் போனதில்ல."

ஆர்லோ பலகையை விட்டுக் கையை எடுத்தார். தட்டுத்தடவி மின்பெட்டியை நோக்கி நடந்தார். வழியில் மரக்கட்டை ஒன்று அவருடைய முழங்காலை விசாரித்தது.

பனி அள்ளும் வண்டியை ஓட்டியே வாழ்நாளைக் கழித்தவர் ஆர்லோ. மேல் மிச்சிகனில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. ஏரிப் பக்கமிருந்து மேகம் கிளம்பினால், ஊரெல்லாம் போர்வைக்குள் போகும். ஆர்லோ மட்டும் வண்டிக்குள் போவார். இந்த இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு மேசை ரம்பம் பரிசளித்தார்கள். கோப்பை, கேடயம் என்று எதையாவது எதிர்பார்த்துப் போன மனிதருக்கு, மூன்று குதிரைத்திறன் மோட்டாரோடு ரம்பத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இனி பனி விழட்டும், புயல் அடிக்கட்டும்; நிலவறையில் உட்கார்ந்து நாற்காலி செய்வேன், அலமாரி செய்வேன், படகுகூடச் செய்வேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினார். செய்த படகை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

ரம்பம் இருந்தது, மரம் இருந்தது, நேரம் இருந்தது. கரண்டுதான் இல்லை. தெருவிலிருந்து வரும் மின்சாரம் ஏராளம். ஆனால் வீட்டின் பெரிய மின்பெட்டி, திருவிழாக் கூட்டத்துப் பஸ் மாதிரி. ஒரு பிரேக்கர்கூடப் புதிதாக ஏற முடியாது. இந்த நெருக்கடியை ஆர்லோ இத்தனை வருடமும் கேடயமாகப் பிடித்து வந்தவர். பாத்திரம் கழுவும் மெஷின் வேண்டும் என்றாள் செல்மா. "பெட்டியில இடமில்லையே!" படுக்கையறைக்குத் தனி ஹீட்டர் என்றாள். "பெட்டியில இடமில்லையே!" கீழே சின்னதாக ஒரு சௌனா கட்டலாமே, ஊரில் பின்லாந்து வம்சத்தில் வந்த வீடுகளில் நம் வீட்டில் மட்டும்தான் வேர்வை அறை இல்லை என்றாள். அதற்கும் அதே பதில். சனிக்கிழமைதோறும் அவளுடைய அண்ணன் வீட்டு சௌனாவுக்குப் பனியில் வண்டியை உருட்டிக்கொண்டு போய் வந்தார்கள்.

இப்போது அந்தப் பெட்டி அவரையே கடித்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்ட்டியை இரண்டாக வெட்டியபடி ஆர்லோ அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். கீழ எனக்குன்னு தனியா ஒரு துணைப்பெட்டி. பெரிய பெட்டியில இருக்கிற ரெண்டு சின்ன லைனை அதுக்கு மாத்திட்டா, அங்க இடம் கிடைச்சிடும். அந்த இடத்துலேருந்து என் பெட்டிக்கு தடியா ஒரு ஒயர். அதுலேருந்து ரம்பத்துக்கு, விளக்குக்கு, எல்லாத்துக்கும் கிளை. இனிமே உன் மெஷின் உனக்கு, என் மெஷின் எனக்கு."

"நல்ல யோசனைதான்," என்றாள் செல்மா.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது சப்பென்று போயிற்று. "நூறு ஆம்ப்ஸ்," என்றார் அழுத்தமாக.

செல்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நூறா? எதுக்கு? அறுபது போதுமே."

"உனக்கென்ன தெரியும் ஆம்ப்ஸைப் பத்தி?"

கேட்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தி ஓய்ந்தவள் செல்மா. அங்கே இரண்டு அடுப்பும் பாத்திரம் கழுவும் மெஷினும் ஒன்றாக ஓடினால் கரண்டு போய், முன்னூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. எதைப் போட்டால் எதை நிறுத்த வேண்டும் என்று அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"உன் ரம்பம் எவ்வளவு இழுக்கும்?"

"பதினஞ்சு."

"தூசி உறிஞ்சி?"

"எட்டு."

"குளிர் காலத்துல ஹீட்டர் ஓடும். அது ஒரு இருபது. விளக்கு ரெண்டு. மொத்தம் நாப்பத்தஞ்சு. இன்னும் பதினஞ்சு மிச்சம் இருக்கு. அப்புறம் என்ன?"

"இழைப்பு மெஷின் வாங்குவேன். காத்தடிக்கிற மெஷின் வாங்குவேன். கடைசல் மெஷின் வாங்குவேன். வெல்டிங்கூடப் பண்ணலாம்னு இருக்கேன்."

"எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டுவியா?"

"ஓட்டினா?"

"ஆர்லோ, உனக்குக் கை எத்தனை?"

ஆர்லோ குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இரண்டுதான் இருந்தன. ஒன்றில் பேஸ்ட்டி.

"ஒருத்தன் ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான் ஓட்டுவான்," என்றாள் செல்மா. "ரம்பத்துல அறுத்துக்கிட்டே வெல்டிங் வைக்க நீ என்ன ஆக்டோபஸா?"

"பக்கத்து வீட்டு லாயிட் உதவிக்கு வருவான்!"

"லாயிட்டுக்குத் தோள்பட்டை போய் ஒரு வருஷமாச்சு. அவன் காப்பிக் கோப்பையையே ரெண்டு கையால தூக்குறான்."

"இங்க பாரு செல்மா. நூறு ஆம்ப்ஸ் இருந்தாத்தான் ஆம்பளை."

"அறுபது இருந்தா?"

"அது வெறும் ஆம்பு."

செல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். "என்னவோ போ. என் வாக்கு அறுபதுக்குத்தான்."

இந்த வாக்கு மாறவே இல்லை. காலையில் காப்பியோடு அறுபது. மதியம் சூப்போடு அறுபது. பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது ஜன்னலைத் திறந்து, "யோசிச்சுப் பார்த்தியா? அறுபது தாராளம்!" என்று ஒரு குரல். அவள் ஒவ்வொரு முறை அறுபது சொல்லும்போதும் ஆர்லோவின் நூறு இன்னும் கெட்டிப்பட்டது. முதலில் அது ஓர் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு உரிமையாயிற்று. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அது மானப் பிரச்சினை.

மத்தியஸ்தத்துக்கு லாயிட்டை அழைத்தார். லாயிட் பக்கத்து வீட்டுக்காரன்; ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன். தோள்பட்டை காரணமாக இப்போது ஏணி ஏறுவதில்லை, நிலவறை வேலை என்றால் வருவான். வந்தான், ஏலக்காய் ரொட்டியில் நாலு துண்டு தின்றான், கீழே இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"சொல்லுப்பா," என்றார் ஆர்லோ. "ஒரு மரப்பட்டறைக்கு அறுபது பத்துமா?"

லாயிட் தலையைச் சொறிந்தான். "பத்தும்."

ஆர்லோவின் முகம் தொங்கிப்போனது.

"ஆனா," என்றான் லாயிட், செல்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "ஆம்ப்ஸ் ஒரு கணக்கு, உள்ள எத்தனை பிரேக்கர் மாட்டலாங்கிறது இன்னொரு கணக்கு. இன்னைக்கு ஆறு போதும்னு தோணும். அடுத்த வருஷம் பன்னெண்டு கேக்கும். பெட்டி வாங்குறவன் எல்லாரும் பின்னால புலம்புறது இடமில்லையேன்னுதான். பெருசா வைக்கிறதுல தப்பில்ல. ஒயர் மட்டும் அதுக்கேத்த தடிமன்ல போடணும்."

"கேட்டியா!" என்று ஆர்லோ துள்ளினார். "தப்பில்லையாம்!"

"அவன் அறுபது பத்தும்னும் சொன்னான்," என்றாள் செல்மா.

"அதுக்கப்புறம் 'ஆனா'ன்னு சொன்னான்ல? 'ஆனா'வுக்கு அப்புறம் சொல்றதுதான் மனுஷன் மனசுல இருக்கிறது."

செல்மா நீளமாக மூச்சு விட்டாள். தோற்பவள் விடுகிற மூச்சு. ஆர்லோவுக்கு அது காதில் தேன்.

"சரி. உன் நூறையே வச்சுக்கோ. பெட்டி எங்க வரும்?"

லாயிட் ஒரு சுவரைக் காட்டினான். அங்கேதான் செல்மாவின் ஊறுகாய் அலமாரி நின்றது. பீட்ரூட், வெள்ளரி, தக்காளி என்று கண்ணாடி ஜாடிகள் கூரை வரை.

"மின்பெட்டிக்கு முன்னால மூணடி தரை காலியா இருக்கணும்," என்றான் லாயிட். "ஒரு பொருள் நிக்கக் கூடாது. கரண்டு வேலையைச் சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டர் முதல்ல பாக்குறதே அதைத்தான்."

"அப்ப என் ஜாடியெல்லாம் எங்க போகும்?"

ஆர்லோ தாராள மனதோடு கையை வீசினார். வெற்றி பெற்றவன் தாராளமாக இருப்பதில் ஒரு தனி சுகம். "உனக்கு எந்த மூலை வேணும் சொல்லு."

செல்மா நிலவறையைச் சுற்றிப் பார்த்தாள். யோசிப்பது போல நின்றாள். தண்ணீர் வடிகிற குழி இருந்த ஈர மூலைக்குப் போனாள். "இது?"

"அதுவா? அங்க தரையே ஈரமா இருக்கும்."

"பரவால்ல. இந்த மூலை முழுசா எனக்கு. அப்புறம் வந்து 'பலகை வைக்கிறேன், குப்பை வைக்கிறேன்'னு கேக்கக் கூடாது."

"எடுத்துக்கோ! மகாராணி மாதிரி எடுத்துக்கோ. லாயிட் சாட்சி."

லாயிட் திடீரென்று இருமினான். ஏலக்காய் புரையேறிவிட்டதாகச் சொன்னான்.

புது வருடம் பிறந்து சில நாட்களில் பெட்டி வந்தது. சாம்பல் நிறத்தில், நீளமாக, பளபளவென்று. லாயிட் தடித்த ஒயரை இழுத்தான். ஆர்லோ ஆணியும் சுத்தியலுமாகப் பின்னால் நடந்தார். நியூட்ரல் தனியே, எர்த் தனியே என்று லாயிட் பிரித்து முறுக்கியதைத் தானே கண்டுபிடித்தது போல ஃபோனில் பேசுகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். இன்ஸ்பெக்டர் வந்தார், மூடியைக் கழற்றிப் பார்த்தார், மூணடித் தரையை அளந்தார், தலையாட்டி ஒப்புதல் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். ரம்பம் சீறியது. தூசி உறிஞ்சி உறுமியது. ஹீட்டர் கணகணத்தது. பக்கத்தில் செல்மாவின் மெஷின் நுரைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றும் ட்ரிப் ஆகவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஆர்லோ தரையில் நடக்கவில்லை, மிதந்தார். காலைச் சாப்பாட்டுக் கடையில் பழைய சகாக்களிடம், "வீட்டுல ஒரு மாசம் போராட்டம். அவ அறுபதுல நின்னா. நான் நூறுல நின்னேன். கடைசியில யார் ஜெயிச்சது?" என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "இன்னும் பெட்டியில பாதி இடம் காலி!"

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு லாரி நின்றது. இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இறக்கினார்கள். பின்னாலேயே தேவதாரு பலகைகள், கட்டுக் கட்டாக. அந்த மர வாசனை பனிக்குள்ளும் மூக்கைத் துளைத்தது.

"ஐயா, முகவரி மாறி வந்துட்டீங்க," என்றார் ஆர்லோ.

"கங்காஸ் வீடுதானே? கையெழுத்துப் போட வேண்டியது செல்மா கங்காஸ்."

செல்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். "கீழ கொண்டு போங்க. தண்ணிக் குழி பக்கத்து மூலை."

ஆர்லோ அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த படத்தைப் பார்த்தார். எஃகு உடம்பு. தலை நிறையக் கருங்கல். சௌனா அடுப்பு.

"செல்மா! இது கரண்டுல ஓடுறது!"

"ஆமா. இருபத்தஞ்சு ஆம்ப்ஸ்."

"பெட்டியில இட..." என்று ஆரம்பித்தவர், பழக்க தோஷத்தில் வந்த வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கினார். பெட்டியில் இடம் இருந்தது. பாதிப் பெட்டி காலி என்று ஊர் முழுக்க அவரே சொல்லி வைத்திருந்தார்.

அதற்குள், யாரும் கூப்பிடாமல், கருவிப் பையோடு லாயிட் வந்து நின்றான்.

"உன்னை யார்யா கூப்பிட்டா?"

"செல்மாதான்."

"எப்போ?"

லாயிட் செல்மாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனால் லாயிட்டுக்கு ரகசியம் தோள்பட்டை மாதிரி; பாரம் தாங்காது. "நவம்பர்ல," என்றான்.

"நவம்பர்லயா? நான் துணைப்பெட்டி வைக்கணும்னு சொன்னதே டிசம்பர்ல!"

"அதனாலதான் அவசரப்பட வேணாம், அவனாச் சொல்லட்டும்னு காத்திருந்தா."

ஆர்லோ படியில் உட்கார்ந்தார். மெல்லக் கணக்குப் போட்டார். பட்டறைக்கு நாற்பத்தைந்து. அடுப்புக்கு இருபத்தைந்து. எழுபது. அறுபது வைத்திருந்தால் பட்டறைக்கு மட்டும்தான் சரியாக இருந்திருக்கும். சௌனா உள்ளே நுழைந்திருக்கவே முடியாது.

"நீ அறுபது அறுபதுன்னு சொன்னதெல்லாம்..."

"நூறு வைன்னு நான் சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

ஆர்லோ நேர்மையானவர். யோசித்துவிட்டுச் சொன்னார். "அறுபதே தாராளம்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

"லாயிட், நீயுமா? 'ஆனா'ன்னு சொன்னியே!"

"அந்த 'ஆனா'வுக்கு ஒத்திகையே பாத்தோம்யா," என்றான் லாயிட். பிறகு, வருவது வரட்டும் என்று மிச்சத்தையும் கொட்டினான். "ரிட்டையர் ஆகுறவனுக்கு ரம்பம் வாங்கிக் குடுங்கன்னு உன் ஆளுங்ககிட்ட யோசனை சொன்னது யாருன்னு நினைக்கிற?"

"லாயிட்!" என்று அதட்டினாள் செல்மா.

லாயிட் ஒயரை அளக்கப் போய்விட்டான்.

ஆர்லோ கொஞ்ச நேரம் கோபப்பட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. வாசலில் பனி, உள்ளே தேவதாரு வாசனை. ஒரு பலகையை எடுத்துக் கண்ணருகே நீட்டிப் பார்த்தார். கோணலே இல்லாத நல்ல பலகை. முடிச்சுகூடக் குறைவு.

"இதை யார் தேர்ந்தெடுத்தா?"

"நான்தான்," என்றாள் செல்மா. "உக்கார ரெண்டு தட்டு வேணும். சுவருக்குப் பலகை அடிக்கணும். வெளியாளை வச்சுச் செய்யலாம்னா உன் பட்டறை இருக்கே, அவமானமாப் போயிடுமே."

அதற்கு மேல் அவரால் முறைக்க முடியவில்லை. பிப்ரவரி முழுவதும் ரம்பம் பாடியது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, சாய்ந்துகொள்ள ஒரு வளைவு. செல்மாவின் முதுகுக்கு எந்தச் சாய்வு சரி என்று அவளை வெறும் பலகையில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து அறுத்தார். கதவுக்குக் கைப்பிடியாகப் பிர்ச் மரக்கிளை ஒன்றை வழவழப்பாகச் செதுக்கினார். இந்தக் குளிர்காலத்தில் படகு இல்லை, அலமாரி இல்லை. ஆனால் ஆணித்தலை ஒன்றுகூட வெளியே தெரியாத ஒரு சௌனா. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தட்டைத் தடவிப் பார்த்து, "ஆர்லோ, இது உன் கையா!" என்றார்கள். அண்ணன் வீட்டுக்குப் பனியில் வண்டி உருட்டும் வேலையும் நின்றது. அதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் வரை இதமாக இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. வெளியே காற்று கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இருவரும் மேல் தட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்மா கரண்டியால் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். 'ஸ்ஸ்' என்று ஆவி எழுந்து இருவரையும் போர்த்தியது. ஆர்லோவின் எலும்புக்குள் இத்தனை வருடமாகச் சேர்ந்திருந்த குளிரெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது மனிதனுக்கு ஒரு திட்டம் தோன்றாமல் இருக்குமா?

"பனி கரைஞ்சதும் ஒரு கராஜ் கட்டலாம்னு இருக்கேன்," என்றார்.

"கட்டேன்."

"ரெண்டு வண்டி நிக்கிற மாதிரி."

செல்மா முகத்து வேர்வையைத் துடைத்தாள். "ரெண்டு எதுக்கு ஆர்லோ? நம்மகிட்ட இருக்கிறது ஒரு வண்டி. ஒண்ணே போதுமே."

'ரெண்டுதான் கட்டுவேன்!' என்பது ஆர்லோவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆவியில் முகம் சரியாகத் தெரியவில்லை. ஒன்று என்கிறாளே, நிஜமாகவே ஒன்றா? இல்லை, ரெண்டு கட்டவைக்க ஒன்று என்கிறாளா? ரெண்டாவது இடத்தில் எதைக் கொண்டுவந்து வைக்கப் போகிறாள்? அவரும் ஒன்று என்று சொல்லிவிட்டால்? அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாளோ? உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பாதிதான் சௌனாவினால்.

இந்த வலையில் மறுபடி விழுவதில்லை என்று முடிவு செய்தார். பிடிவாதம் பிடித்தால்தானே மாட்டிக்கொள்வது? பிடிவாதமே பிடிக்காவிட்டால்?

"இங்க பாரு செல்மா," என்றார் தந்திரமாக. "சுத்தி வளைக்காம சொல்லு. உனக்கு எத்தனை வேணுமோ அத்தனை கட்டிடுறேன்."

செல்மா கரண்டியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, சாய்வில் சுகமாகச் சாய்ந்தாள்.

"மூணு," என்றாள்.